சிங்காரிக்கு வாடகைக்கு ஓர் இடம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை பஸ் டிப்போவுக்கு மாற்றல் கிடைத்த செய்தியை ஷீஜா முதலில் சொன்னது தன் குதிரையிடம்தான். மூணாறில், வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நின்றுகொண்டு, தவிட்டுத் தொட்டிக்குள் முகத்தைப் புதைத்திருந்த சிங்காரி காதைக்கூட அசைக்கவில்லை. ஏழு வருடமாக எழுதிக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன பிறகு கிடைத்த மாற்றல். மகள் அஞ்சு நெய்யாற்றின்கரையில் நர்சிங் படிக்கிறாள். இனி ஹாஸ்டல் வேண்டாம், அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஷீஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உத்தரவுத் தாளை மடித்து டிக்கெட் பைக்குள் வைத்தாள், மறுபடி எடுத்து வாசித்தாள், மறுபடி வைத்தாள். அப்புறம்தான் தவிட்டுத் தொட்டி கண்ணில் பட்டது. பாறசாலையில் இதை எங்கே கட்டுவது?

ஷீஜாவுக்கு நாற்பத்தாறு வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டர். பிறந்தது பாறசாலைக்குப் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் என்றாலும், அவளுடைய ஒன்பதாவது வயதில் அப்பா தேயிலைத் தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு மலையேறிவிட்டார். அதனால் அவளுக்குப் பாறசாலைப் பேச்சு வரும், பாறசாலை தெரியாது. கணவர் சுந்தரதாஸ் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் குதிரையிலிருந்து பத்தடி தள்ளியே நிற்பார்.

குதிரை வந்து சேர்ந்த கதை சிறியது. நான்கு வருடத்துக்கு முன்பு சிங்காரி மூணாறில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்துகொண்டிருந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் சுண்ணாம்பு தீற்றியதுபோல ஒரு வெள்ளை. முன்னங்காலில் அடிபட்டு நொண்ட ஆரம்பித்ததும் சவாரிக்காரர் அதை மலையிறக்கி விற்றுவிடப் போவதாகச் சொன்னார். நொண்டிக் குதிரையை யார் வாங்குவார்கள் என்று ஷீஜா கேட்டாள். இறைச்சிக்கு எடுக்க ஆள் உண்டு என்றார் அவர். அன்று மாலை கம்மல் வாங்கக் கிளம்பியவள், கம்மலுக்கு வைத்திருந்த பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆறு மாதத்தில் கால் தேறியது. அதே சவாரிக்காரர் அவளுக்கு ஏறி உட்காரவும் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் விழுந்தாள். இரண்டாம் நாளும் விழுந்தாள். மூன்றாம் நாள் குதிரைக்கே பொறுக்கவில்லை, தன்னை விழவிடாமல் சாய்ந்து சாய்ந்து நடந்தது என்று இப்போதும் சத்தியம் செய்வாள்.

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரி மரியம்மா டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் அவர், கீழே வாடகைக்கு. போனில் பேசும்போது அவர் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் கேட்டார்.

"வளர்ப்பு மிருகம் வல்லதும் உண்டா?"

"ஒண்ணு உண்டு டீச்சர். பெண்ணாக்கும். குரைக்காது, பிறாண்டாது. நல்ல சுபாவம்."

"எங்கில் சரி."

காலை ஏழு மணிக்கு மினி லாரி வந்து நின்று, பின்பலகையை இறக்கி, சிங்காரி குளம்பொலியோடு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வாசலில் இறங்கியபோது, மரியம்மா டீச்சர் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"இதென்னது?"

"போன்ல சொன்னேனே டீச்சர்."

"நான் பூனையின்னு நினைச்சேன்."

"பூனையைவிட அமைதியாக்கும்."

டீச்சர் குதிரையை வாலிலிருந்து முகம்வரை ஒருமுறை பார்த்தார். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளைப் பார்த்த பார்வை அது. "ஒரு ஆழ்ச்ச, ஏழே நாளு. அடுத்த ஞாயிறுக்குள்ள வேற இடம் பாத்துக்கோ. கார் ஷெட்டு காருக்குள்ளதாக்கும்," என்றார். டீச்சரிடம் கார் கிடையாது. ஆனால் அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல என்று ஷீஜாவுக்குத் தெரிந்தது.

முதல் நாளே சிங்காரி படிக்கட்டில் இருந்த செம்பருத்தியில் இரண்டு தொட்டியை மொட்டையாக்கியது. டீச்சர் தினமும் காலையில் மாடியிலிருந்து இறங்கி மீதித் தொட்டிகளை எண்ணினார். மூன்றாம் நாள் எண்ணி முடித்துவிட்டு, கையிலிருந்த பழத்தோலைக் குதிரைக்கு நீட்டினார். "கொண்டு போடுகதுக்கு வேற இடமில்ல, அதான்," என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். கெடு மட்டும் மாறவில்லை.

அஞ்சுவின் பாடுதான் வேறு மாதிரி இருந்தது. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு இருக்க ஆசையாக வந்தவளுக்கு, ஜன்னலைத் திறந்தால் குதிரையின் மூக்கு. "அம்மா, எனக்க கூட படிக்கியவ எல்லாம் வீட்டுக்கு வாறோம் வாறோம்னு நிக்காங்க. நான் என்ன சொல்ல? எனக்க அம்மைக்குக் குதிரை உண்டுன்னா?"

"சொல்லேன் மக்கா. ஆனை உண்டுன்னு சொன்னாத்தான் நம்பமாட்டாவ."

இடம் தேடும் வேலையை ஷீஜா முறைப்படியே தொடங்கினாள். நகரத்துப் பக்கம் குதிரை வளர்ப்போர் கிளப் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, நம்பர் வாங்கி, டிப்போவின் சாப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தவர் மிக மரியாதையாகப் பேசினார். குதிரையின் ஜாதி என்ன, உயரம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "டிசிப்ளின் என்ன மேடம்?" என்றார்.

"டிசிப்ளினெல்லாம் நல்லா உண்டு. இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல."

தாண்டும் குதிரையா, பந்தயக் குதிரையா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். பிறகு மாதக் கட்டணத்தைச் சொன்னார். தீவனம் சேர்த்து. குளிப்பாட்டும் ஷாம்பு தனி. ஷீஜா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். அவள் சம்பளத்தில் வீட்டு வாடகையும் அஞ்சுவின் ஃபீஸும் போனால் மீதி இருப்பதைவிட அது அதிகம். "அதுக்கு நானே அங்க வந்து தங்கிடலாமே," என்றாள். அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

அன்று சாயங்கால டிரிப்பில்தான் அந்த யோசனை வந்தது. பாறசாலையிலிருந்து ஒற்றசேகரமங்கலம் சுற்றி வெள்ளறடை, அங்கிருந்து திரும்பிக் களியக்காவிளை. ஒரு நாளைக்கு எத்தனை ஊர், எத்தனை வீடு, எத்தனை தொழுவம். அந்த வீட்டு ஆட்கள் எல்லாரும் இதோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதைவிட நல்ல இடம் எங்கே போய்க் கேட்பது?

"வெள்ளறடை ஒண்ணு."

"இந்தாங்க. சில்லறை இப்ப இல்ல, மீதி பெறகு தாறேன். உங்க பக்கத்துல குதிரை கட்டுகதுக்கு இடம் உண்டா?"

டிக்கெட் கேட்டவர் மீதி வாங்காமலேயே இறங்கிப் போனார். அவள் விடவில்லை. அடுத்தவரிடம் கேட்டாள். அதற்கடுத்தவரிடமும். டிரைவர் பொன்னையனுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். இந்த வழியில் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். கண்ணாடியில் பார்த்து, "பிள்ளே, நீ டிக்கெட்டு குடுக்கியா, பெண்ணு கேக்குகியா?" என்றார்.

"பெண்ணு எனக்கிட்ட உண்டு அண்ணே. அவளுக்கு வீடுதான் இல்ல."

இரண்டே நாளில் விஷயம் வழி முழுவதும் பரவியது. பரவப் பரவ உருமாறியது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடப் பையை மாட்டிய ஒரு பெண் குழந்தை, டீசல் விலை கூடியதால் இனி வெள்ளறடைக்குக் குதிரை வண்டிதானாமே, அதிலும் மாணவர்களுக்குக் கன்செஷன் உண்டா என்று ரொம்பக் கவலையாகக் கேட்டது. பொன்னையன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்ததில் வண்டி ஸ்டாப்பைத் தாண்டி நின்றது.

இடங்களும் வரத்தான் செய்தன. ஒற்றசேகரமங்கலத்தில் குட்டப்பன் என்பவர் தன் ரப்பர் தோட்டத்துப் புகைப்புரையைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். டூட்டி முடிந்து பொன்னையனின் ஸ்கூட்டரில் அவரும் ஷீஜாவும் போய்ப் பார்த்தார்கள். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடும் அறை அது. ஷீஜாவே குனிந்துதான் உள்ளே போனாள். "குதிரை படுத்தே இருந்தா போதாதா?" என்று குட்டப்பன் நிஜமாகவே கேட்டார். சுற்றிலும் மரவள்ளிச் செடி வேறு; அந்த இலையைத் தின்றால் குதிரை பிழைக்காது. அவர் மனம் நோகாமல் ஷீஜா நன்றி சொல்லி, அவர் கொடுத்த பழுத்த பலாவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

கோட்டுகால் என்ற ஊரில் கடற்கரை விடுதி ஒன்றின் மேனேஜர், இடமும் தீவனமும் இலவசம் என்றார். பதிலுக்குக் குதிரை தினமும் நான்கு மணி நேரம் விருந்தினர்களைச் சுமக்க வேண்டும். விருந்தினர்கள் நீச்சல் குளத்தின் ஓரம் படுத்திருந்தார்கள். ஷீஜா ஒவ்வொருவராகப் பார்த்து, ஒவ்வொருவரையும் மனசுக்குள் எடைபோட்டு, சிங்காரியின் முன்னங்காலை நினைத்து, "வேண்டாம் சார்," என்று வந்துவிட்டாள். ஒரு கல்யாண மண்டபக்காரர் ஜெனரேட்டர் அறையின் பின்பக்கத்தைக் காட்டினார். வாரத்துக்கு மூன்று செண்டைமேளம், குதிரைக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

சனிக்கிழமை வந்துவிட்டது. கெடு முடிய ஒரு நாள்.

அன்று மத்தியானம் வெள்ளறடையிலிருந்து திரும்பும் வண்டியில் நிற்க இடமில்லை. பாறசாலைக்கு இன்னும் ஒரு ஸ்டாப் இருக்கும்போது போன் அடித்தது. அஞ்சு.

"அம்மா, குதிரை போச்சு."

"எங்க போச்சு?"

"கேஸ் கொண்டு வந்த ஆளு கேட்டைத் திறந்து போட்டுட்டு சிலிண்டரைத் தூக்கிட்டு வந்தாரு. அவ அவரைத் தாண்டி மெதுவா நடந்து போனா. நான் பெறகால ஓடினேன். ஓடுன உடனே அவளும் ஓடினா. எனக்க ஒரு செருப்பைக் காணோம் அம்மா."

ஷீஜா டிக்கெட் மெஷினை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. கேட்டவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு வாரமாகக் குதிரைக்கு இடம் கேட்டு நச்சரிக்கப்பட்ட ஜனம் அது. எல்லாருக்கும் அது தெரிந்தவர் வீட்டுப் பெண் காணாமல் போனதுபோல ஆகிவிட்டது. ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள்.

"எலே அகிலேஷு, கடையிலதானே நிக்க? ரோட்டைப் பாரு, குதிரை வருகா?"

"பாறசாலை ஆஸ்பத்திரி முன்னால கண்டாங்களாம்."

"இல்ல, அங்கேயிருந்து தாண்டியாச்சு. மீன்காரி கூடையில முகத்தை விட்டுப் பாத்துட்டு, பிடிக்காம போச்சாம்."

"இஞ்சிவிளைப் பக்கமாக்கும் போறா. களியக்காவிளை ரோட்டுல."

கடைசிச் செய்தியைக் கேட்ட ஒரு பெரியவர் சொன்னார்: "இஞ்சிவிளை கழிஞ்சா தமிழ்நாடாக்கும். ஸ்டேட்டு மாறிப் போகும்."

"போனா என்ன மாமா, அவளுக்கு என்ன பாஸ்போர்ட்டா வேணும்?" என்றது பின்சீட்டு.

பொன்னையன் திரும்பியே பார்க்கவில்லை. "நமக்கும் அதே ரோடுதான் பிள்ளே," என்று மட்டும் சொன்னார். பாறசாலையில் இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். இறங்க வேண்டியவர்களில் பாதிப் பேர் இறங்கவில்லை. களியக்காவிளைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பதற்றத்திலும் ஷீஜா அந்த டிக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் அடித்துக் கொடுத்தாள்.

நெடுஞ்சாலையில் அரை மைல் போனதும் முன்கண்ணாடியில் தெரிந்தது. சிங்காரி. சாலையின் நடுவே, வாலைத் தூக்கிக்கொண்டு, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டியபடி, கோயில் விழாவுக்குத் தாமதமாகிவிட்டவள்போல ஒரு துள்ளல் ஓட்டம். மலையில் ஒற்றையடிப் பாதையில் போய்ப் பழகியதற்கு இவ்வளவு அகலமான தார்ச்சாலை கிடைத்தது அதுதான் முதல் தடவை. அது அதை முழுக்க அனுபவித்துக்கொண்டிருந்தது. பயத்துக்கு நடுவிலும் ஷீஜாவுக்கு, எவ்வளவு அழகாக ஓடுகிறாள், அந்தக் காலா ஒரு காலத்தில் நொண்டியது என்று ஓர் எண்ணம் வந்து சிரிப்பை மூட்டியது.

"ஹாரன் அடிக்காதீங்க அண்ணே."

"அடிப்பேனா நான்? அவ மிரளுவா."

அப்படியாக அரசு பஸ் ஒன்று, ஒரு குதிரைக்குப் பின்னால், குதிரையின் வேகத்தில், ஹாரன் இல்லாமல் போனது. பஸ்ஸை முந்த முடியாமல் பின்னால் கார்கள், ஆட்டோக்கள், மாலை சுற்றிய ஒரு கல்யாணக் கார். ஜன்னல் ஒவ்வொன்றிலும் இரண்டு தலை. யாரோ "சிங்காரி, நில்லு மோளே," என்று கொஞ்சினார்கள். அது காதைப் பின்னால் திருப்பிக் கேட்டுவிட்டு மேலே ஓடியது.

எதிரே ஒரு டாரஸ் லாரி வந்தது. மலைபோல எம்-சாண்ட் ஏற்றிய லாரி. ஓட்டுநர் குதிரையைப் பார்த்துவிட்டார், பிரேக் போட்டார், டயர் கிரீச்சிட்டது. பஸ்ஸுக்குள் அறுபது பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஷீஜா கண்ணை மூடிவிட்டாள். திறந்தபோது சாலையில் குதிரை இல்லை. இடது பக்கம், அறுந்து கிடந்த சங்கிலியைத் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கின் உள்ளே அது நின்றுகொண்டிருந்தது.

பெட்ரோல் போடும் மெஷின்கள் போய்விட்டிருந்தன. உயரமான மேற்கூரையும் தூண்களும் மட்டும் இருந்தன. கூரைக்கு அந்தப் பக்கம், பூமிக்குள் புதைத்திருந்த டாங்கிகளைத் தோண்டியெடுத்த பள்ளத்தை மணல் கொட்டி நிரப்பியிருந்தார்கள். சிங்காரி அந்த மணலை ஒருமுறை முகர்ந்தது. முன்னங்காலை மடித்தது. பிறகு பொத்தென்று சாய்ந்து, நான்கு காலையும் வானத்துக்குத் தூக்கி, முதுகை அப்படிப் போட்டுப் புரட்ட ஆரம்பித்தது. மணல் பறந்தது.

பங்கின் அலுவலக அறையிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நாளிதழோடு வெளியே வந்தார். அவர்தான் உரிமையாளர் கனகதாஸ். எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு. வருகிற வண்டியெல்லாம் இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டி அங்கே போய்த்தான் நிரப்பும். அதில் மூடிய பங்க். மூடி இரண்டு வருடம் ஆகியும் பழக்கத்தில் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். வழி தெரியாமல் நுழைகிறவர்களிடம் சொல்கிற அதே வார்த்தையை, யார் வந்திருப்பது என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் சொல்லிவிட்டார்: "இஞ்ச பெட்ரோல் இல்ல கேட்டியளா."

பிறகு பார்த்தார். நாளிதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பொன்னையன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார். ஷீஜா குதித்து இறங்கி ஓடிவந்தாள். "அண்ணே, இது எனக்க குதிரையாக்கும். வண்டியில ஆளு நிறைய உண்டு. டிரிப்பை முடிச்சிட்டு வாறேன். அரை மணிக்கூறு பாத்துக்கிடணும்."

"எனக்குக் குதிரையைக் குறிச்சு ஒண்ணும் தெரியாது பிள்ளே."

"அவளுக்கு மனுசரைக் குறிச்சு நல்லா தெரியும். நீங்க சும்மா நின்னா போதும்."

அவர் சரியென்று சொன்னாரா இல்லையா என்பதற்குக் காத்திருக்காமல் ஓடிப்போய் ஏறி, மணியை இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி முழுவதும் கைதட்டியது. களியக்காவிளையில் அவர்களை இறக்கிவிட்டு, ஏறியவர்களுக்கு டிக்கெட் கொடுத்து, டிப்போவில் கணக்கை ஒப்படைத்து, பொன்னையனின் ஸ்கூட்டரில் அவள் திரும்பி வந்தபோது அரை மணி ஒன்றரை மணி ஆகியிருந்தது.

பங்கின் முன்னால் பத்துப் பதினைந்து பைக் நின்றிருந்தது. அஞ்சு ஆட்டோ பிடித்து வந்து, ஒற்றைச் செருப்போடு படியில் உட்கார்ந்திருந்தாள். கனகதாஸ் இரண்டு பக்கமும் சங்கிலியை இழுத்துக் கட்டியிருந்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற பழைய நீல வாளியில் நீர் வைத்திருந்தார். சிங்காரி கூரை நிழலில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது.

"பேப்பர்ல நடுப் பக்கத்தைத் தின்னுட்டா," என்றார் கனகதாஸ். குறையாகச் சொன்ன மாதிரி இல்லை. "தலையங்கம் படிச்சு முடிச்சிருந்தேன், அதனால போகட்டும்."

ஷீஜா சுற்றிலும் பார்த்தாள். பாறசாலைக்கு வந்ததிலிருந்து ஆறு நாளாகக் கண்ணில் படாதது எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. மழைக்குக் கூரை. குழாயில் தண்ணீர். புரள மணல். காற்று. டிப்போவிலிருந்து பத்து நிமிடம்.

"இந்த இடத்தை வாடகைக்குத் தருவியளா?"

"வாடகைக்கு விட இது என்ன வீடா? சுவரு இல்ல."

"அவளுக்குச் சுவரு வேண்டாம் அண்ணே."

கனகதாஸ் யோசித்தார். பங்குக்குப் பின்னால் அவருக்கு அறுபது நேந்திரன் வாழை இருந்தது. "சாணி எவ்வளவு போடுவா?"

"நாளொண்ணுக்கு ரெண்டு கூடை. மூணுகூட வரும்."

"எங்கில் சாணி எனக்கு. வாடகை ஆயிரம் போதும்."

"அது கொறவு. ரெண்டாயிரம் தாறேன்."

"ஆயிரத்து இருநூறு. அதுக்கு மேல நான் வாங்கமாட்டேன்."

"வாங்காம எப்படி? ஆயிரத்து எண்ணூறு."

வாங்குகிறவர் இறக்குவதும் கொடுக்கிறவள் ஏற்றுவதுமான இந்தப் பேரத்தைப் பைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னையன் பொறுமை இழந்தார். "ஆயிரத்து ஐநூறு. ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றார். முடிந்தது. கனகதாஸுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: உள்ளே யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. பங்கின் பழைய சட்டம். வைக்கோல் இருக்கப்போகும் இடத்துக்கு அதுவே சரி என்று ஷீஜா ஒத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு வாரம் எப்படிப் போனதென்று அவளுக்கே தெரியாது. கான்கிரீட் தரை குளம்புக்கு ஆகாது என்று மர அறுவை மில்லிலிருந்து பதினெட்டுச் சாக்கு மரத்தூள் வாங்கிப் பரப்பினாள். தூணுக்குத் தூண் மூங்கில் கட்டினார்கள். கால்நடை மருத்துவர் வந்து முன்னங்காலை வளைத்துப் பார்த்து, தார்ச்சாலையில் ஓடியதில் ஒன்றும் ஆகவில்லை, ஆள் ஏறலாம், கனமில்லாத ஆளாக இருக்கட்டும் என்றார். பஸ் பயணிகள் கையோடு புல்கட்டு கொண்டுவந்து, "இது நம்ம சிங்காரிக்கு," என்று அவள் சீட்டுக்கடியில் போட்டுவிட்டு இறங்கினார்கள். லக்கேஜ் சார்ஜ் கேட்டால் சண்டைக்கு வந்தார்கள். மரியம்மா டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பட்டுச்சேலையோடு ஆட்டோவில் வந்து இறங்கி, பழத்தோல் பையை நீட்டி, கார் ஷெட்டு வெறுமையாகக் கிடப்பதால் திருடன் வந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

கனகதாஸ் பத்தாவது நாள் குளம்பைத் தூக்கிச் சுரண்டக் கற்றுக்கொண்டார். இருபதாவது நாள் அதைப் பற்றி ஷீஜாவுக்கே பாடம் எடுத்தார். உள்ளே நுழைகிற வண்டிகளுக்குப் பதில் சொல்லி அலுத்து, வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தார்: பெட்ரோல் இல்லை, குதிரை உண்டு. அதைப் பார்த்து இன்னும் அதிகம் பேர் நுழைந்தார்கள். அஞ்சுவின் வகுப்பு மொத்தமும் ஒருநாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் காலையில் ஒரு பஸ் முன்னதாகக் கிளம்பிப் போய்க் குதிரைக்கு முடி சீவிவிட்டுக் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள்.

வார விடுமுறை நாள் ஒன்றில் ஷீஜா விடிந்ததும் பங்குக்குப் போனாள். முதல்நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சேணத்தை இறுக்கினாள், சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள், கனகதாஸ் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள ஏறி உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் நெய்யாற்றுக் கால்வாயின் கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வாழையும் தென்னையும். அவளுக்கு அந்த ஊரில் இன்னும் பாதி வழி தெரியாது. எங்கே போய் முடியும் என்று கேட்டுக்கொள்ளாமல் குதிகாலால் லேசாகத் தட்டினாள்.

சிங்காரி நடந்தது, பிறகு ஓடியது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி கையில் சோப்போடு, "கண்டக்டரே, எங்கோட்டு?" என்று கேட்டாள்.

"தெரியாது, வாறியா?" என்றாள் ஷீஜா. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு செருப்பு கழன்று கால்வாயில் விழுந்து மிதந்து போனது. அதைத் திரும்பிப் பார்த்தாள். சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள். முன்னால் கரை வளைந்தது. வளைவுக்கு அப்பால் கோயில் மணிச்சத்தம் கேட்டது, எந்தக் கோயில் என்று அவளுக்குத் தெரியவில்லை. குதிரை காதை நிமிர்த்தியது. அவள் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டாள்.